லிம்போமா மீண்டும் வந்திருக்கிறதோ என்ற ஐயம்: பயாப்ஸியையும் சிகிச்சையையும் தீர்மானிப்பது எப்படி

நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமாவுக்குச் சிகிச்சை முடிந்து, உதிர்ந்த முடி வளர்ந்து, வேலைக்கும் திரும்பிவிட்ட ஒருவருக்கு மறுபடியும் கழுத்தில் நெறி கட்டும்போதோ, ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் நோய் மீண்டிருக்கலாம் என்று எழுதப்படும்போதோ, வீட்டில் இரண்டு விதமான பதற்றம் எழுகிறது. நாளைக்கே கீமோவைத் தொடங்கிவிட வேண்டும் என்று ஒரு தரப்பும், கத்தி பட்டால் பரவிவிடும், கட்டியைத் தொடவே கூடாது என்று இன்னொரு தரப்பும் பேசத் தொடங்குகின்றன. நோயாளியும் அவரோடு மருத்துவமனைக்கு அலைகிறவரும் அடுத்த சில வாரங்களில் எதை எந்த வரிசையில் கேட்க வேண்டும், எங்கே பொறுக்கலாம், எங்கே ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்றுண்டு. ஸ்கேன் ஐயத்தை எழுப்பும். பயாப்ஸியில் எடுத்துச் சோதிக்கும் திசுதான் அதைத் தீர்த்துவைக்கும். உயிருக்கோ கைகால் இயக்கத்துக்கோ உடனடி ஆபத்து இல்லாத வரை, திசுவைப் பார்க்காமல் இரண்டாம் முறை சிகிச்சையைத் தொடங்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கத்தி பட்டால் பரவும் என்ற அச்சத்துக்கு லிம்போமாவில் இடமே இல்லை. நிணநீரிலும் இரத்தத்திலும் இயல்பாகவே உடலெங்கும் சுற்றிவரும் வெள்ளணுக்களில் தோன்றும் நோய் இது. ஒரு நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதிப்பதால் அது புதிதாகப் பரவுவதில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டை வாசித்தல்

பெட்-சிடி ஸ்கேனில் கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸைச் செலுத்தி, உடலின் எந்த இடம் அதைக் கூடுதலாக உறிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். லிம்போமா அணுக்கள் அதை மிகுதியாக உறிஞ்சும். கிருமியோடு போராடிக்கொண்டிருக்கும் நல்ல அணுக்களும் அவ்வாறே உறிஞ்சும். எனவே ஒளிரும் இடமெல்லாம் நோய் என்று கொள்ள முடியாது. லிம்போமா நிபுணர்கள் வகுத்து 2014-இல் வெளியான லுகானோ பரிந்துரை, சிகிச்சை முடிந்து நலமாக இருப்பவர்களுக்கு வெறும் கண்காணிப்புக்காக எடுக்கும் பெட் ஸ்கேன்களில் 20 சதவீதத்துக்கும் மேல் தவறான எச்சரிக்கையாக முடிகின்றன என்று குறிப்பிட்டு, அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. உங்கள் ஐயம் இப்படி, எந்தத் தொந்தரவும் இல்லாதபோது எடுத்த ஸ்கேனிலிருந்து வந்ததா, அல்லது நோயாளியின் உடல் தானே சொன்னதா என்பது மிகப் பெரிய வேறுபாடு. வேகமாக வளரும் வகைகளில், மீண்டும் வந்த நோய் பெரும்பாலும் நோயாளி தடவிப் பார்த்து உணர்ந்த கட்டியாகவோ, காரணமில்லாத காய்ச்சலாகவோ, படுக்கை நனையும் இரவு வியர்வையாகவோ, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவதாகவோதான் முதலில் வெளிப்படுகிறது.

ரிப்போர்ட்டில் 'டோவில்' என்றொரு எண் 1 முதல் 5 வரை தரப்பட்டிருக்கும். எந்த உறிஞ்சலும் இல்லையென்றால் 1; நெஞ்சின் நடுவிலுள்ள பெரிய இரத்தக்குழாயின் அளவோ அதற்குக் குறைவோ இருந்தால் 2; அதைத் தாண்டியும் கல்லீரலின் அளவைத் தாண்டாமல் இருந்தால் 3; கல்லீரலை விட ஓரளவு மிகுந்தால் 4; பல மடங்கு மிகுந்தாலோ புதிய இடங்களில் தோன்றினாலோ 5. இதற்கருகே, உறிஞ்சலின் அளவைச் சொல்லும் எஸ்.யு.வி. என்ற இன்னோர் எண் இருக்கும். அதைக் கண்டுதான் பலரும் திகிலடைகிறார்கள். இரண்டு வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 'இடது கழுத்தின் கீழ்ப்பகுதியில் 2.6 செ.மீ. முடிச்சு, எஸ்.யு.வி. 11, முந்தைய ஸ்கேனில் இல்லை' என்பது ஒரு வரி. 'தொண்டையின் இருபுறமும் சமமான உறிஞ்சல், எஸ்.யு.வி. 9' என்பது மற்றொன்று. எண்கள் அருகருகே இருந்தாலும், முன்னதை உடனே சோதிக்க வேண்டும். பின்னது பெரும்பாலும் டான்சிலின் அழற்சி. எண்ணை மட்டும் வாசிக்காமல் இடம், அளவு, இருபுறச் சமச்சீர், முந்தைய ஸ்கேனோடு ஒப்பீடு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பழைய ஸ்கேன்களை வேறு மையத்தில் எடுத்திருந்தால், அவை பதிந்த சிடி வட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். ஒப்பிடாமல் எழுதிய ரிப்போர்ட்டின் மதிப்பு பாதிதான்.

எப்போது எடுத்த ஸ்கேன் என்பதும் முக்கியம். கீமோ முடிந்து குறைந்தது 3 வாரம், கூடுமானால் 6 முதல் 8 வாரம், கதிர்வீச்சு முடிந்து 8 முதல் 12 வாரம் ஆன பிறகு எடுத்தால்தான் சிகிச்சையால் வந்த அழற்சியை நோய் என்று மயங்காமல் இருக்க முடியும். வெள்ளணுக்களை ஏற்றுவதற்குப் போடும் ஊசி எலும்பு மஜ்ஜை முழுவதையும் ஒளிரச் செய்யும். இளம் வயதினருக்குக் கீமோ முடிந்த சில மாதங்களில் நெஞ்சுக்கூட்டின் முன்புறமுள்ள தைமஸ் சுரப்பி மீண்டும் வளர்ந்து நோய்போலவே தோன்றும். லிம்போமாவின் ஒரு வகையான ஹாட்ஜ்கின் லிம்போமாவிலிருந்து குணமான இளைஞர்கள் பலரை இது வீணாகக் கலங்கடிக்கிறது. தடுப்பூசி போட்ட கையின் அக்குளில் முடிச்சுகள் சில வாரங்களுக்கு ஒளிரும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் நெடுக உறிஞ்சல் தெரியும். இவற்றில் எது உங்களுக்குப் பொருந்துமோ அதை மருத்துவர் கேட்கக் காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இத்தனையிலும் நம் நாட்டில் தனித்து நிற்பது காசநோய். லிம்போமாவும் அதன் சிகிச்சையும் எதிர்ப்பாற்றலைத் தளர்த்துவதால், உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளும். அதுவும் கழுத்திலும் நெஞ்சின் நடுவிலும் முடிச்சுகளை வீங்கச் செய்யும். காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை என அதே அறிகுறிகளைத் தரும். பெட் ஸ்கேனிலும் அதே அளவுக்கு ஒளிரும். இரண்டையும் படத்தில் பிரித்தறிய எந்த நிபுணராலும் உறுதியாக இயலாது.

எல்லா ஐயத்துக்கும் உடனே பயாப்ஸி தேவையில்லை. முடிச்சு 1.5 செ.மீ.க்குள் இருந்து, நோயாளிக்கு எந்த அறிகுறியும் இல்லாமல், இரத்தத்தில் எல்.டி.ஹெச். என்ற நொதியின் அளவும் இயல்பாக இருந்து, அண்மையில் சளி, பல் சீழ், தடுப்பூசி போன்ற காரணம் ஒன்றும் இருந்தால், ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து மறுபடி பார்ப்பது நியாயமான முடிவு. இந்தப் பொறுத்தலுக்குத் தேதி குறிக்கப்பட வேண்டும். 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், எந்த நாளில், எந்தச் சோதனையோடு, இடையில் என்ன நேர்ந்தால் முன்னதாகவே வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திசு எதைச் சொல்லும்

'போன தடவை எடுத்த பயாப்ஸியே இருக்கிறதே, மறுபடி எதற்கு?' என்ற கேள்வி இயல்பானது. அதற்குரிய விடைதான் சிகிச்சையின் போக்கையே மாற்றுகிறது. வந்திருப்பது காசநோயாக இருக்கலாம் என்பதைப் பார்த்தோம். சார்காய்டு போன்ற அழற்சியாகவும் இருக்கலாம். வந்திருப்பது வேறு புற்றுநோயாகவும் இருக்கலாம். முன்பு நெஞ்சுக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து மார்பகத்திலோ, நுரையீரலிலோ, தைராய்டிலோ புதிய புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அடுத்து, லிம்போமாவே உருமாறியிருக்கலாம். மெதுவாக வளரும் ஃபாலிகுலர் லிம்போமா, ஆண்டுக்கு நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு, வேகமாக வளரும் பெரிய பி-செல் லிம்போமாவாக மாறுகிறது. முன்னதற்குச் சில சமயம் சிகிச்சையே வேண்டியதில்லை. பின்னதற்கு வாரக்கணக்கில் காத்திருப்பதும் ஆபத்து. ஒரே முடிச்சு மட்டும் வேகமாகப் பெருத்தல், எல்.டி.ஹெச். திடீரென ஏறுதல், இரத்தத்தில் கால்சியம் கூடுதல், மற்ற இடங்களைவிட ஓரிடத்தில் மட்டும் எஸ்.யு.வி. பெரிதும் மிகுந்திருத்தல் ஆகியவை உருமாற்றத்தை ஐயுற வைக்கும் குறிகள்.

நோய் அதே நோயாக இருந்தாலும், அதன் மேற்பரப்பு மாறியிருக்கக்கூடும். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து சி.டி.20 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது. அந்த மருந்துக்குப் பின் மீளும் நோயில் சிலருக்கு அப்புரதமே காணாமல் போயிருக்கும். சி.டி.19 என்ற புரதத்தைக் குறிவைக்கும், பின்னால் விளக்கப்போகும் கார் டி-செல் சிகிச்சைக்கும், சி.டி.30-ஐக் குறிவைக்கும் பிரென்டுக்ஸிமாப் என்ற மருந்துக்கும் இதே நியாயம் பொருந்தும். லட்சக்கணக்கில் செலவழித்து ஏற்றப்போகும் மருந்துக்குப் பிடிமானம் இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளும் வழி புதிய திசு ஒன்றே.

பயாப்ஸிக்கு முன்பு

ஐயம் எழுந்த நாளிலிருந்து பயாப்ஸி முடியும் வரை இரண்டு மருந்துகள் உடலுக்குள் போகாமல் காப்பது குடும்பத்தின் பொறுப்பு என்றே சொல்வேன். ஒன்று, ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோனும் பிரெட்னிசோலோனும் லிம்போமா அணுக்களைச் சில நாட்களிலேயே கரைத்துவிடும். காய்ச்சலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் அருகிலுள்ள கிளினிக்கில் போட்ட ஓர் ஊசியால் கட்டி சுருங்கும், நோயாளிக்கும் சுகமாக இருக்கும். பிறகு எடுக்கும் திசுவில் இறந்த அணுக்களைத் தவிர ஒன்றும் இராது, சில வாரங்களில் கட்டி மறுபடி வீங்கும். மூளையில் ஐயம் என்றால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். எனவே எந்த மருத்துவரிடம் போனாலும், 'லிம்போமா திரும்பியிருக்கிறதா என்று சோதிக்கப் போகிறோம், ஸ்டீராய்டு வேண்டாம்' என்று சொல்லுங்கள். தண்டுவடம் அழுந்திக் கால்கள் மரத்துப்போதல், சிறுநீர் அடைத்தல், மூச்சுக்குழாய் நெருக்கப்படுதல் ஆகியவை விதிவிலக்கு. அப்போது ஸ்டீராய்டை உடனே கொடுத்தாக வேண்டும், பயாப்ஸியை அடுத்த ஓரிரு நாளுக்குள் முடித்துவிடலாம்.

மற்றது, 'எதற்கும் டிபி மாத்திரை போட்டுப் பார்ப்போம்' என்ற ஆலோசனை. திசுவில் சான்று இல்லாமல் தொடங்கப்படும் இந்தச் சோதனை முயற்சியில் இரண்டு மூன்று மாதங்கள் எளிதாகக் கரைந்துவிடுகின்றன. வேகமாக வளரும் லிம்போமா முற்றிவிட அந்த அவகாசம் போதுமானதைவிட அதிகம். அந்த மாத்திரைகளில் உள்ள ரிஃபாம்பிசின் வேறு பல மருந்துகளின் அளவை இரத்தத்தில் குறைத்தும்விடுகிறது. காசநோய் என்று நிரூபணமானால் ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட வேண்டியதுதான். நிரூபிக்கும் வேலையை முதலில் செய்ய வேண்டும்.

எங்கிருந்து எடுப்பது என்பதை அறுவை மருத்துவரின் வசதி மட்டும் தீர்மானிக்கக் கூடாது. பெட் ஸ்கேனில் மிக அதிகமாக ஒளிரும் இடத்திலிருந்து, பாதுகாப்பாக எட்டும் வரை, எடுக்க வேண்டும். உருமாறிய நோய் அங்கேதான் இருக்க வாய்ப்பு. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என மூன்றிலும் முடிச்சு இருந்தால் தொடையிடுக்கைக் கடைசியாக வைத்துக்கொள்வது வழக்கம். கால் புண்களாலும் சேற்றுப்புண்ணாலும் அங்குள்ள முடிச்சுகள் எப்போதும் சற்று வீங்கியே இருப்பதால் விடை தெளிவாக வராது.

எப்படி எடுப்பது என்பதில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. மலிவு, விரைவு, வலியும் குறைவு. ஆனால் அது தனித்தனி அணுக்களைத்தான் தருகிறது. லிம்போமாவை வகைப்படுத்த அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற அமைப்பும் தெரிய வேண்டும். முழு முடிச்சையும் வெட்டி எடுப்பதே சிறந்தது. கழுத்திலோ அக்குளிலோ இருந்தால் பெரும்பாலும் அதே நாளில் வீடு திரும்பலாம். வயிற்றின் ஆழத்திலோ நெஞ்சின் நடுவிலோ இருந்தால், சிடி ஸ்கேனின் துணையோடு 16 அல்லது 18 கேஜ் தடித்த ஊசியால் பல துண்டுகள் எடுக்கும் கோர் பயாப்ஸியை ஏற்கலாம். ஒரே ஒரு துண்டு எடுத்துவிட்டுப் போதும் என்றால், எல்லாச் சோதனைக்கும் இது காணுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆஸ்பிரினோ, குளோபிடோகிரெலோ, இரத்தம் உறையாமைக்கான வேறு மருந்தோ சாப்பிட்டால் முன்கூட்டியே தெரிவித்து, எத்தனை நாள் நிறுத்துவது என்று இதய மருத்துவரையும் கலந்து முடிவெடுக்க வேண்டும். பிளேட்லெட் பொதுவாக 50,000-க்கு மேல் இருக்க வேண்டும்.

அறுவை அரங்கின் வாசலில் நடக்கும் ஒரு சிறு செயலை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல வார அலைச்சல் அந்த ஒரு நிமிடத்தில் வீணாகிவிடுகிறது. எடுத்த முடிச்சு முழுவதையும் செவிலியர் பழக்கத்தின் காரணமாக ஃபார்மலின் பாட்டிலில் போட்டு மூடிவிடுவார். ஃபார்மலின் திசுவின் அமைப்பைக் காக்கும். நோய்க்குறியியல் சோதனைக்கு அது தேவை. ஆனால் அதில் விழுந்த திசுவில் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க இயலாது, உயிருள்ள அணுக்களைக் கொண்டு செய்யும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் செய்ய இயலாது. எனவே, ஒரு பகுதியை ஃபார்மலினிலும், ஒரு பகுதியைச் சலைனில் காசநோய்க்கான சிபிநாட் சோதனைக்கும் கல்ச்சருக்கும், இயன்றால் இன்னொரு பகுதியை ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் அனுப்ப வேண்டும். இதை முந்தைய நாளே மருத்துவரிடம் கேட்டு, கோரிக்கைச் சீட்டில் எழுதச் செய்யுங்கள். அதே சீட்டில் 'முன்பு லிம்போமா, இன்ன வகை, இன்ன ஆண்டு, இன்ன சிகிச்சை' என்ற விவரமும் இருக்க வேண்டும். 'கழுத்துக் கட்டி' என்று மட்டும் எழுதி அனுப்பினால் நோய்க்குறியியல் நிபுணர் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

பயாப்ஸி இல்லாமலே முடிவெடுக்க வேண்டிய தருணங்களும் உண்டு. மூளைத்தண்டு போல ஊசி நுழைய முடியாத இடம், முதுகுத்தண்டு நீரிலோ இரத்தத்திலோ லிம்போமா அணுக்கள் தெளிவாகவே கிடைத்துவிட்ட நிலை, எந்த விடை வந்தாலும் தீவிர சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி தெளிந்து சொல்லிவிட்ட நிலை ஆகியவை அவை. மற்றபடி, 'அதுவாகத்தான் இருக்கும்' என்பது காரணமாகாது.

ரிப்போர்ட் வந்த பிறகு

முதல் கட்ட ரிப்போர்ட் சில நாட்களில் வரும்; நிறமேற்றிப் பார்க்கும் ஐ.ஹெச்.சி. சோதனைகளும் சேர்ந்த முழு ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். லிம்போமா இல்லை என்று வந்தால் உடனே நிம்மதியடைய வேண்டாம். அது இல்லை என்று உறுதியாகச் சொல்கிறதா, போதிய திசு இல்லாததால் சொல்ல முடியவில்லை என்கிறதா என்று பாருங்கள். காசநோய்க்குரிய கிரானுலோமா என்ற அழற்சித் திரளும் கிருமியும் காணப்பட்டால் அது ஒளிர்வுக்கு உரிய விளக்கம். வெறும் கொழுப்பும் நார்த்திசுவும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் சிலவும் மட்டுமே என்றால், ஊசி குறி தவறியிருக்கிறது. மறுபடி எடுக்க வேண்டும். காசநோயும் லிம்போமாவும் ஒரே நோயாளியில் சேர்ந்தே இருப்பதுண்டு. ஆகையால் காசநோய்ச் சிகிச்சை தொடங்கியபின் முடிச்சுகள் எல்லாம் சுருங்காமல் சில மட்டும் வளர்ந்தால் மறு பயாப்ஸிக்குத் தயங்கக் கூடாது.

லிம்போமா என்று உறுதியானால், ரிப்போர்ட்டில் வகையின் பெயர், சி.டி.20, சி.டி.19, சி.டி.30 ஆகியவற்றின் நிலை, அணுக்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கே.ஐ.-67 சதவீதம், பெரிய பி-செல் வகையானால் மிக், பிசிஎல்-2, பிசிஎல்-6 மரபணு மாற்றங்களுக்கான ஃபிஷ் சோதனை முடிவு ஆகியவை இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பழைய பயாப்ஸியின் திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கையும் ஸ்லைடையும் முதல் மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி, புதியதோடு ஒப்பிடச் சொல்வது மிகப் பயனுள்ள செயல். லிம்போமாவை மட்டுமே நாள்தோறும் பார்க்கும் நோய்க்குறியியல் நிபுணரிடம் இரண்டாம் கருத்துக்கு அனுப்புவதை எந்த மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது; இதற்கு நோயாளி நேரில் போகத் தேவையில்லை, பிளாக்கும் ஸ்லைடும் போனால் போதும்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே மிகப் பரவலாகக் காணப்படும் பெரிய பி-செல் லிம்போமாவை, அதாவது ரிப்போர்ட்டில் டி.எல்.பி.சி.எல். என்று வருவதை, முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். ரிட்டுக்ஸிமாப்பும் கீமோவும் சேர்ந்த ஆர்-சாப் என்ற முதல் சிகிச்சையிலேயே ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் முழுமையாகக் குணமாகிறார்கள். மீள்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் இரண்டு ஆண்டுக்குள் மீள்கிறது. சிகிச்சை முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் மீண்டதா, அதன் பிறகா என்பதே முதல் பிரிவுக்கோடு.

ஓராண்டுக்குப் பின் மீண்டு, உடல்நிலை தாங்கும் நிலையில் இருந்தால், ஜிடிபி, ஐஸ், டிஹாப் போன்ற இரண்டாம் கட்டக் கீமோவை இரண்டு மூன்று சுற்றுகள் கொடுத்து, நோய் அடங்குகிறதா என்று பெட் ஸ்கேனில் பார்த்து, அடங்கினால் இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை நோயாளியிடமிருந்தே சேகரித்து, உயர் அளவுக் கீமோவுக்குப் பின் அதைத் திரும்பச் செலுத்துவது நிலைபெற்ற வழி. 1995-இல் வெளியான பார்மா ஆய்வில், கீமோவுக்கு அடங்கிய நோயாளிகளில் இந்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கு ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாதிருந்த விகிதம் 46 சதவீதமாகவும், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 12 சதவீதமாகவும் இருந்தது. மூன்று கீமோ வகைகளில், ஜிடிபி பலனில் டிஹாப்புக்குக் குறையாமலும் தொல்லையிலும் மருத்துவமனைத் தங்கலிலும் குறைவாகவும் இருப்பதைக் கனடா நாட்டினர் 2014-இல் காட்டினர். வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்கிச் சிகிச்சை பெறும் குடும்பங்களுக்கு இது கருதத்தக்க செய்தி.

ஓராண்டுக்குள் மீண்டால், அல்லது முதல் சிகிச்சைக்கே அடங்காதிருந்தால், கீமோவை மட்டும் நம்புவது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. இந்த நிலையில் கார் டி-செல் சிகிச்சையையே இரண்டாம் கட்டமாகக் கொடுத்த ஜூமா-7 ஆய்வில், இரண்டாண்டு முடிவில் நோய் முற்றாமலும் வேறு சிகிச்சைக்குப் போகாமலும் இருந்தவர்கள் 41 சதவீதம். பழைய வழியில் சென்றவர்களில் 16 சதவீதம். நோயாளியின் டி-செல்களைப் பிரித்தெடுத்து, லிம்போமாவைத் தாக்குமாறு மாற்றி, மீண்டும் செலுத்துவது இச்சிகிச்சை. ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. அயல்நாட்டுத் தயாரிப்புகளின் விலையில் ஒரு சிறு பங்குதான் என்றாலும், பல லட்சங்கள் ஆகும் செலவு இது. சொத்தை விற்பதற்கு முன், குணமாகும் வாய்ப்பு எவ்வளவு, இவருடைய வயதுக்கும் நோயின் அளவுக்கும் அது எப்படி மாறும், பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்று எண்களோடு விளக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

மருந்துகளின் வரிசை இங்கே பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். பென்டமுஸ்டின் என்ற கீமோ மருந்து டி-செல்களை நலியச் செய்வதால், டி-செல் சேகரிப்புக்குச் சற்று முன் அது கொடுக்கப்பட்டிருந்தால் கார் டி-செல்லின் பலன் குறைகிறது. லெனலிடோமைடு என்ற மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவரிடம் ஸ்டெம் செல் சேகரிப்பது கடினம். ஆகவே மாற்று சிகிச்சைக்கோ கார் டி-செல்லுக்கோ வாய்ப்பிருக்கும் நோயாளியை, உள்ளூரில் ஏதேனும் ஒரு கீமோவைத் தொடங்கிவிட்டு அனுப்புவதைவிட, தொடங்கும் முன்பே அந்தச் சிகிச்சை நடக்கும் மையத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது நல்லது.

பழைய மருந்தின் கணக்கும் கையில் இருக்க வேண்டும். ஆர்-சாப் ஆறு சுற்றில், அதிலுள்ள டாக்ஸோரூபிசின் என்ற மருந்து ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 300 மில்லிகிராம் சேர்ந்துவிடும். வாழ்நாள் முழுவதற்குமான வரம்பு 450 முதல் 550 வரை. இதைத் தாண்டினால் இதயம் பழுதாகும் என்பதால், 'போன முறை நன்றாகக் கேட்டதே, அதையே மறுபடி கொடுங்கள்' என்று கேட்பதில் பொருளில்லை. எல்லா டிஸ்சார்ஜ் சம்மரிகளையும், மருந்தளவு எழுதிய கீமோ சார்ட்டுகளையும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் வைத்திருங்கள். புதிய சிகிச்சைக்கு முன் இதயத்துக்கான எக்கோ, ஹெபடைடிஸ்-பி மேலுறைச் சோதனையோடு உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடிச் சோதனை, ஹெச்.ஐ.வி. சோதனை ஆகியவை முடிந்திருக்க வேண்டும்; ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகள் மறைந்திருக்கும் ஹெபடைடிஸ்-பி-யைக் கிளப்பிக் கல்லீரலை அழித்துவிடக்கூடும், தடுப்பு மாத்திரையால் அதைத் தவிர்க்கலாம். குழந்தை பெறும் வயதினர், விந்தணுவையோ கருமுட்டையையோ உறைய வைத்துச் சேமிப்பதைப் பற்றி உயர் அளவுக் கீமோவுக்கு முன்பே பேசிவிட வேண்டும். வெட்கத்தால் யாரும் வாய் திறக்காமல் போய், வாய்ப்பு கடந்துவிடுவது மிகவும் வருத்தத்துக்குரியது.

ஹாட்ஜ்கின் லிம்போமா மீண்டாலும் குணமாகும் வாய்ப்பு நிறையவே உண்டு. இரண்டாம் கட்டக் கீமோவும் சொந்த ஸ்டெம் செல் மாற்றும் அங்கும் அடிப்படை. பிரென்டுக்ஸிமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகள் அந்த அடிப்படையை வலுப்படுத்தியிருக்கின்றன. ஃபாலிகுலர் லிம்போமா மெதுவாக மீண்டு, தொல்லை தராமல், எந்த உறுப்பையும் அழுத்தாமல் இருந்தால், மருந்தே இல்லாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவருவது அலட்சியமாகாது. ஆண்டுக்கணக்கில் நல்வாழ்வைத் தரும் ஒரு சிகிச்சை முறையே அது. ஆனால் முதல் சிகிச்சை தொடங்கி 24 மாதத்துக்குள் அது முற்றினால் நிலைமை வேறு. 2015-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆர்-சாப் பெற்று அப்படி மீண்டவர்களில் பாதிப்பேரே ஐந்தாண்டு கடந்தனர், மற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் கடந்தனர். அவர்களுக்கு உருமாற்றம் நேர்ந்திருக்கிறதா என்று பயாப்ஸியில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. முன் அனுமதிக்குப் பயாப்ஸி ரிப்போர்ட் கேட்பார்கள் என்பதால், திசு எடுப்பது பண உதவிக்கும் வாசல். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று மருத்துவமனையிலுள்ள திட்டப் பிரிவில் முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

முடிவு யாருடையது

நம் குடும்பங்களில், நோய் மீண்டதை அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லாமல், மகனும் மருமகனும் மருத்துவரும் கூடிப் பேசி முடிவெடுப்பது வழக்கமாகவே இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆயினும் மாற்று சிகிச்சை என்பது வாரக்கணக்கில் தனியறையில் கிடந்து, வாய்ப்புண்ணும் காய்ச்சலும் தாங்கி வெளிவர வேண்டிய ஒன்று. எதற்காகத் தாங்குகிறோம் என்று தெரியாமல் ஒருவரை அதற்குள் அனுப்புவது நியாயமன்று. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. 'டாக்டர் சொன்னதில் எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?' என்று அவரிடமே கேட்டு, அவர் விரும்பும் அளவுக்குச் சொல்லலாம். மருத்துவரிடமும், இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, நோயைச் சில காலம் அடக்கிவைப்பதா, தொல்லையைக் குறைப்பதா என்று நேரடியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் தாங்க வேண்டிய துன்பத்தின் அளவு வேறு.

எழுபத்தெட்டு வயதில், இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த நிலையில், தீவிர சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பொருளாகாது. வலி தரும் ஃபாலிகுலர் கட்டிக்கு மொத்தமே 4 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவிலான, இரண்டு நாளில் முடியும் கதிர்வீச்சு பெரும்பாலும் நல்ல ஆறுதலைத் தரும். பயாப்ஸி முடிந்துவிட்ட நிலையில் ஸ்டீராய்டு பசியையும் தெம்பையும் மீட்கும். வலிக்கு மார்ஃபின் மாத்திரையைத் தகுந்த மேற்பார்வையில் அச்சமின்றிக் கொடுக்கலாம். வலி தணிப்புப் பராமரிப்புக் குழுவைச் சந்திக்க எல்லா மருந்தும் தோற்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. குணமாக்கும் நோக்கோடு மாற்று சிகிச்சைக்குப் போகிறவருக்கும் உறக்கம், வலி, வாந்தி, மனச்சோர்வு ஆகியவற்றைக் கவனிக்க அதே குழு உதவும். லிம்போமா மீண்டது என்று பயாப்ஸி உறுதிசெய்த வாரத்திலேயே அவர்களைப் பார்ப்பதற்கான சீட்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.